மாடிப் படம்

எங்கள் முதல் திரை ஒரு தலைவரின் பிறந்தநாள் வாழ்த்து. நான் வேலை பார்க்கும் அச்சகத்தின் பின்கட்டில் பழைய ஃபிளெக்ஸ் பேனர்கள் சுருட்டிச் சாத்தப்பட்டிருக்கும். பன்னிரண்டடிக்கு எட்டடி பேனர் ஒன்றைத் திருப்பிக் கட்டினால் பின்பக்கம் நல்ல வெள்ளை, செலவும் இல்லை. 2016 ஜனவரியில், புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு தொழிற்சங்கக் கட்டடத்தின் மாடிக் கூடத்தில் அதைக் கட்டி, எங்கள் திரைப்படக் கழகத்தின் முதல் படமாகச் சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' போட்டோம். திரைக்குப் பின்னால் ஜன்னல் இருப்பதையும், ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு இருப்பதையும் எங்கள் நால்வரில் ஒருவரும் கவனிக்கவில்லை. விளக்கு எரிந்ததும், கன்வேயர் பெல்ட்டில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த சாப்ளினுக்குள்ளிருந்து தலைவர் கைகூப்பியபடி மெல்ல எழுந்தார். கொஞ்ச நேரம் இரண்டு மீசைகளும் ஒன்றாக இருந்தன. அன்று கூடத்தில் எழுந்த சிரிப்பில் பாதி சாப்ளினுக்குச் சேராது.

திரைக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்ட வேண்டும் என்பது அப்படித்தான் தெரிந்தது. இந்தப் பத்து ஆண்டுகளில் நாங்கள் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த வரிசைதான்: முதலில் அவமானம், பிறகு அறிவு.

நால்வர் என்றேனே: அச்சகத்தில் தமிழ்த் தட்டச்சு செய்யும் நான், கல்லூரி நூலகர் ஒருவர், ஆட்டோ ஓட்டும் நண்பர், மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். கழகத்துக்குப் பெயர் வைக்க மூன்று கூட்டம் போட்டோம். ஆளுக்கொரு பெயரோடு வந்து ஆளுக்கொரு கோபத்தோடு கலைந்தோம். இன்றுவரை பெயர் இல்லை. அக்கம்பக்கத்தில் 'மாடிப் படம்' என்கிறார்கள். அது போதும்.

இரண்டாவது மாதம் ஐசென்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டம்கின்'. படம் ஒன்றேகால் மணி நேரம்தான். அதற்கு முன்பு நான் முப்பத்தைந்து நிமிடம் பேசினேன். 1905ஆம் ஆண்டுக் கலகம், ஜார் ஆட்சி, காட்சித் துண்டுகளை மோதவிட்டுக் கோக்கும் மொன்டாஜ் என்றால் என்ன, 1925இல் சோவியத் சினிமா எங்கே நின்றது என்று ஒன்று விடவில்லை. இரண்டு வாரம் படித்துத் தயாரித்த உரை. தலையை நிமிர்த்தியபோது நாற்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் இருந்தார்கள்; நூலகர் எண்ணி வைத்திருந்தார். கூடத்தைப் பெருக்கிக் கொடுக்கும் அம்மா வாசலில் நின்றபடி, "பேசி முடித்துவிட்டாயா தம்பி? படத்தைப் போடு, எனக்குப் பஸ் போய்விடும்" என்றார்.

படத்தில் மாலுமிகளுக்குக் கொடுக்கப்படும் இறைச்சியில் புழு நெளிகிறது. கப்பலின் மருத்துவர் தன் மூக்குக்கண்ணாடியை மடித்துப் பிடித்து அதைக் கூர்ந்து பார்க்கிறார். பார்த்துவிட்டு, இது புழுவே இல்லை என்கிறார். "அரிசியில் வண்டைக் காட்டினால் எங்களுக்கும் இதே பதில்தான்" என்று இருட்டிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. நான் முப்பத்தைந்து நிமிடத்தில் சொல்ல முயன்றதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். எனக்கு மகிழ்ச்சியை விட எரிச்சல்தான் அதிகம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அன்றோடு உரைக்குத் தடை. படத்தின் பெயர், ஆண்டு, எத்தனை நிமிடம், கழிப்பறை எந்தப் பக்கம் ஆகியவற்றைச் சொல்ல இரண்டு நிமிடம். முடிந்தபின் முதலில் தேநீர், பிறகுதான் பேச்சு. நாங்கள் நால்வரும் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும். "கேள்வி இருக்கிறதா?" என்று கேட்கவும் கூடாது, அப்படிக் கேட்டால் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்து எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். "எந்த இடம் மனதில் நின்றது?" என்றால் யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார். டிசிக்காவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) போட்டபோது நான் எதிர்பார்த்தது கடைசிக் காட்சியை. ஆனால் பெண்கள் பேசியதெல்லாம் அடகுக் கடை பற்றி. சைக்கிளை மீட்பதற்காக மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள். கடைச் சிப்பந்தி அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏணிபோல் உயர்ந்த அலமாரியில் ஏறிக்கொண்டே போகிறான். மேலே வரை விரிப்பு மூட்டைகள். "அத்தனையும் யார் யார் வீட்டு விரிப்போ" என்றார் ஒருவர். பேச்சு உள்ளூர் நகைக்கடன், வட்டி என்று முக்கால் மணி நேரம் ஓடியது. சினிமாவை விட்டு விலகிவிட்டார்கள் என்று நூலகர் வருந்தினார். விலகவில்லை என்பது என் கட்சி.

சப்டைட்டில் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஆங்கில வரிகளை ஓடும் வேகத்தில் படிக்கக்கூடியவர்கள் ஐந்தில் ஒருவர் இருந்தால் அதிகம். ஆகவே நானே தமிழில் எழுதத் தொடங்கினேன். தமிழ்ச் சொல் நீளமானது. ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழில் மூன்று வரி கேட்கும். மூன்று வரி போட்டால் முகம் மறைந்துவிடும். ஒரு வரிக்கு ஏழெட்டுச் சொல்லுக்குள், இரண்டு வரிக்கு மேல் போகாமல், குறைந்தது இரண்டு விநாடியாவது நிற்கும்படி வைக்க வேண்டும். அதற்கு மேல் உள்ளதை வெட்ட வேண்டும். பெயரைச் சொல்லி அழைப்பது, "கேள்", "பார்" என்பதெல்லாம் நடிகரின் முகத்திலேயே தெரிகிறது, எழுத வேண்டியதில்லை. கோப்பைத் தமிழ் எழுத்தைத் தாங்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்காவிட்டால் திரை முழுவதும் கேள்விக்குறிகள் வரும். ஒரு மாதம் அப்படி வந்து, புரட்சிப் படம் முழுவதும் ஐயமாகவே ஓடியது.

அதைவிடப் பெரிய விபத்து வேகம். வீட்டில் நான் நேரம் குறித்த பிரதி விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). கூடத்தில் போட்டது நண்பர் கொண்டுவந்த வேறு பிரதி, விநாடிக்கு 25. நூற்றுக்கு நான்கு பங்கு வித்தியாசம் என்றால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டரை விநாடி. அரை மணி நேரத்தில் வரிகள் ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கிவிட்டன. செத்தவன் பேசிக்கொண்டிருந்தான், அழுதவளுக்குக் கீழே நகைச்சுவை வந்தது. படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் ஜி, எச் விசைகளை அழுத்தினால் ஒரு தட்டலுக்கு ஐம்பது மில்லி விநாடி நகரும். அதை வைத்துக்கொண்டு அன்று நான் தட்டிய தட்டல், தவிலுக்கு ஈடு. இப்போதெல்லாம் காட்சிக்கு முதல் நாள், அதே கணினியில், அதே பிரதியை, கடைசி இருபது நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன். தொடக்கம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். ஓட்டிப் பார்க்க வேண்டியது முடிவை.

கூடம் எதிரொலிக்கும். வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டுப் படத்துக்கு அது பொருட்டே இல்லை. கீழே எழுத்து இருக்கிறது. தமிழ்ப் படம்தான் காலை வாரியது. ஹரிஹரனின் 'ஏழாவது மனிதன்' (1982) போட்டபோது எல். வைத்தியநாதன் இசையில் பாரதி பாடல்கள் கணீரென்று கேட்டன; வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சிமென்ட் ஆலை என்ன செய்கிறது என்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத்தான் பலர் தெரிந்துகொண்டார்கள். பக்கச் சுவர்களில் ஜமுக்காளங்களைத் தொங்கவிட்ட பிறகு பாதி சரியாயிற்று. மீதிப் பாதிக்குத் தமிழ்ப் படத்துக்கும் தமிழில் எழுத்துப் போட்டுவிட்டேன். முதலில் சிரித்தார்கள். காது மந்தமான பெரியவர்கள் இருவர் அதற்குப் பிறகு ஒரு மாதமும் தவறவில்லை.

நாற்காலி விஷயத்தில் ஆட்டோ நண்பரின் யோசனைதான் எங்களைக் காப்பாற்றியது. நாற்பது பேர் வருவார்கள் என்றால் முப்பது நாற்காலி போடு, மிச்சத்தை ஓரத்தில் அடுக்கி வை என்றார். அறுபது நாற்காலியில் நாற்பது பேர் உட்கார்ந்தால் கூட்டம் வரவில்லை என்று தோன்றும். முப்பதுக்கு நாற்பது பேர் வந்தால் பத்துப் பேர் தாங்களே நாற்காலி எடுத்துப் போடுவார்கள். தானே எடுத்துப் போட்ட நாற்காலியிலிருந்து ஒருவரும் பாதியில் எழுந்து போவதில்லை. ஏழு மணிக் காட்சியை ஐந்தரைக்கு மாற்றியதும் பெண்கள் எண்ணிக்கை கூடியது. எட்டு மணிக்குள் வீடு திரும்பலாம் என்பதுதான் காரணம், படத் தேர்வு அல்ல.

இலவசம் என்றாலும் மாதம் ஆயிரத்து நானூறு ரூபாய் ஆகிறது: நாற்காலி, மின்சாரம், தேநீர், கூடம் பெருக்கும் அம்மாவுக்கு. பழைய புரொஜெக்டர் பதினெட்டாயிரம். அதை நாங்கள் நால்வரும் போட்டோம். வாசலில் உண்டியல் வைத்தால் டிக்கெட் கேட்பதுபோல் இருக்கிறது. தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தால் நிரம்புகிறது. கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் 'ஒடேசா' திரைப்படக் குழு நண்பர்களும் பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டரோடு ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் சில்லறையாகத் திரட்டிய பணத்தில் 'அம்ம அறியான்' (1986) எடுத்தார்கள். அவர்கள் ஒரு படமே எடுத்தார்கள். நாம் ஒரு படம் காட்டத் திணறுகிறோம் என்று நூலகர் அடிக்கடி சொல்லிக் காட்டுவார். இடையில் ஒரு பிரமுகர் ஆண்டுச் செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொன்னார். திரைக்கு மேலே தன் படம் வைக்க வேண்டுமாம். ஏற்கெனவே ஒருவர் திரைக்குள்ளிருந்தே வந்துவிட்டார், இடமில்லை என்று சொல்லி அனுப்பினோம்.

சட்டத்தைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். இலவசமாகக் காட்டினால் உரிமை கேட்க வேண்டியதில்லை என்று நான் பல காலம் நம்பியிருந்தேன், தவறு. இந்தியாவில் திரைப்படத்துக்குக் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டு. 1960இல் வந்த படத்துக்கு 2020 டிசம்பரோடு முடிந்தது. மௌனப் படம் பழையதாக இருக்கலாம். அதற்குப் புதிதாகப் போட்ட இசைக்குத் தனி உரிமை உண்டு. பொதுக் காட்சிக்குத் தணிக்கைச் சான்று வேண்டும் என்பது 1952ஆம் ஆண்டுச் சட்டம். உறுப்பினர் பதிவேடு ஒன்று வைத்து, உறுப்பினர்களுக்கான காட்சியாகத்தான் நடத்துகிறோம். ஆனால் பதிவேடு கவசம் ஆகிவிடாது என்று எங்கள் வழக்கறிஞர் நண்பர் எச்சரித்திருக்கிறார். இதைத் தொடங்க நினைப்பவர்கள் முதல் நாற்காலியை வாடகைக்கு எடுப்பதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவது நல்லது.

இனி இரண்டு மாலைகளைச் சொல்கிறேன்.

2017 ஜூலை 30, ஞாயிறு. புதுச்சேரி ஆலைத் தொழிலாளருக்கு அந்தத் தேதி என்னவென்று தெரியும். 1936இல் அதே நாளில் சவானா மில் போராட்டத்தில் பிரெஞ்சுக் காவல்படை சுட்டுப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த இயக்கம் அது. அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. என் அப்பா ரோடியர் மில்லில் நெசவில் இருந்தவர். மில் சங்கு ஊதித்தான் எங்கள் தெருவில் உலை ஏறும். அன்று ஐசென்ஸ்டைனின் 'வேலைநிறுத்தம்' (1925) போட்டோம். மௌனப் படம், இடையில் வரும் எழுத்து அட்டைகளை நான் ஒலிபெருக்கியில் தமிழில் படித்தேன்.

அதில் ஒரு தொழிலாளி மீது மைக்ரோமீட்டர் திருடியதாகப் பழி விழுகிறது. விலை இருபத்தைந்து ரூபிள். அவமானம் தாங்காமல் பெல்ட்டை மாட்டித் தூக்கில் தொங்குகிறார், வேலைநிறுத்தம் வெடிக்கிறது. கல்லூரி மாணவி ஒருத்தி பேச்சு நேரத்தில், "ஓர் அளவுகோலுக்காகவா?" என்று கேட்டாள். எங்கள் ஃபிட்டர் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வரும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு மரப்பெட்டியை எடுத்தார். உள்ளே பச்சைத் துணியில் அவருடைய மைக்ரோமீட்டர். அந்தப் பெண்ணின் தலைமுடி ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு தாடைகளுக்கு இடையில் வைத்து, திருகைக் கடைசி மூன்று சொடுக்கு வரை திருப்பி, அளவைப் படிக்கச் சொன்னார். 0.07 மில்லிமீட்டர். "இது இல்லாமல் நான் ஃபிட்டர் இல்லை, கூலி. திருடன் என்று சொன்னால் கையை வெட்டியதுபோல" என்றார். அன்றைய படம் என்ன என்பது எனக்கே மறந்துவிட்டது. அந்த மைக்ரோமீட்டர் கூடம் முழுவதும் கைமாறிப் போய், எல்லோர் முடியையும் அளந்து, ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தது.

மற்றொன்று 2018 நவம்பர் 1, விடுதலை நாள் விடுமுறை. போன்டெகோர்வோவின் 'அல்ஜியர்ஸ் போர்' (1966), பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரியப் போராட்டத்தைச் சொல்லும் படம். 1954 நவம்பர் 1 அன்றுதான் பிரெஞ்சு ஆட்சி இங்கே நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தது. அதே நாளில்தான் அல்ஜீரிய விடுதலை முன்னணி தன் முதல் தாக்குதல்களைத் தொடங்கியது. அவர்களுக்கு விடுதலை 1962 ஜூலையில். நம் சட்டபூர்வ இணைப்பு அதே ஆண்டு ஆகஸ்ட் 16. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேசத் தடை இருந்ததால் அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில் நான்கு வரியாக அச்சிட்டு ஆறுதல் அடைந்தேன்.

படத்தில் ஒரு சட்டகம்கூடச் செய்திப்படம் இல்லை. அத்தனையும் நடிக்கவைத்து எடுத்தது. போராளித் தலைவர்களில் ஒருவராக நடித்த சாதி யாசெஃப் உண்மையிலேயே அந்தப் போரை நடத்தியவர். பிரெஞ்சுக் கர்னலாக நடித்த ழான் மர்த்தேன் தேர்ந்த நாடக நடிகர், அந்தப் போரை எதிர்த்துக் கையெழுத்திட்டவர். இதெல்லாம் தெரிந்திருந்தும், காட்சி தொடங்கிச் சிறிது நேரத்தில் என் கவனம் திரையில் இல்லை. மூன்றாம் வரிசையில் ஒருவர், மற்ற எல்லோருக்கும் இரண்டு விநாடி முன்பாகத் தலையசைத்துக்கொண்டிருந்தார். நான் எழுதிய வரி திரையில் வருவதற்குள் அவருக்கு விஷயம் முடிந்துவிடுகிறது. ஒரு வரிக்கு மெல்லத் தலையை ஆட்டி மறுத்தார். என் மொழிபெயர்ப்பு தவறு என்று புரிந்தது.

அவர் ஒரு சொல்தா. வெளியூர்க்காரர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். 1953இல் பதினெட்டு வயதில் கப்பலேறி, வியட்நாமின் சைகோன் போய், அங்கிருந்து அல்ஜீரியாவுக்கு மாற்றப்பட்டவர். நவம்பர் ஒன்றாம் தேதி இங்கே கொடி மாறியதை சைகோனில் கடிதம் வந்துதான் தெரிந்துகொண்டாராம். ஓரான் பக்கம் ஒரு முகாமில் சமையற்கூடக் கணக்கு பார்த்திருக்கிறார். பேச்சு நேரத்தில் இதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொன்னதும் ஓர் இளைஞன் எழுந்தான். அதுவரை காலனி ஆதிக்கம் பற்றி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன்.

"நீங்கள் யார் பக்கம் இருந்தீர்கள் ஐயா?"

"சம்பளம் கொடுத்தவர்கள் பக்கம், தம்பி."

கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. என் நாக்கு துடித்தது. சமாதானமாக ஏதாவது சொல்லி, இருவருக்கும் நடுவில் பாலம் போட வேண்டும்போல் இருந்தது. ஃபிட்டர் பெரியவர் என் தொடையில் கை வைத்து அழுத்தினார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சொல்தா தாத்தாவே தொடர்ந்தார். அல்ஜியர்ஸின் பழைய நகரமான காஸ்பாவின் படிக்கட்டுகளை விடுமுறையில் ஒருமுறை போய்ப் பார்த்தாராம். படத்தில் சரியாகக் காட்டியிருக்கிறார்கள், ஆனால் இன்னும் செங்குத்து, ஓடி ஏறினால் நெஞ்சு அடைக்கும் என்றார். பிறகு, முகாமுக்குக் காய்கறி கொண்டுவரும் ஒரு கிழவர் ஒருநாள் வராமல் போனதைப் பற்றிச் சொன்னார். ஏன் வரவில்லை என்று முகாமில் ஒருவரும் கேட்கவில்லை. "நானும் கேட்கவில்லை. கணக்கில் அன்றைக்குக் காய்கறி இல்லை என்று எழுதினேன்."

இளைஞன் உட்கார்ந்தான். கூட்டம் முடிந்து கீழே இறங்கும்போது அவன்தான் அவருக்குக் கை கொடுத்தான். எங்கள் படியும் செங்குத்து.

அதற்குப் பிறகு அவர் எனக்கு மொழிபெயர்ப்பு ஆசிரியர். பிரெஞ்சுப் படம் எதுவானாலும் என் கோப்பை அச்சடித்துக் கொண்டுபோய் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்து வாசிப்பேன். கோவிட் காலத்தில் கூடம் பூட்டிக் கிடந்த இரண்டு ஆண்டுகளிலும் இது நிற்கவில்லை. 'அல்ஜியர்ஸ் போர்' பற்றிய எங்கள் சண்டை மட்டும் இன்னும் முடியவில்லை. பிரெஞ்சுப் பாத்திரங்களின் வாயில் நான் போட்ட 'பயங்கரவாதி' அவருக்குப் பிடிக்கவில்லை. முகாமில் நாங்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, 'ஃபெலாகா' என்றுதான் சொல்வோம், கொள்ளைக்காரன் என்று அர்த்தம், அதையே போடு என்கிறார். அந்த இடத்தில் நடிகர் சொல்வது அந்தச் சொல் இல்லையே என்கிறேன். "நடிகர் சொல்லாவிட்டால் என்ன? நான் சொன்னேன்" என்கிறார்.

1966இல் வெளியான படம். 2026 டிசம்பரோடு உரிமை முடிகிறது. 2027 ஜனவரியில், இந்த முறை முறைப்படி, மீண்டும் போடுவதாக இருக்கிறோம். அவருக்கு இப்போது தொண்ணூறு. வருவேன், ஆனால் மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டால்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெல்டிங் கடைக்காரர் ஆறாயிரத்து ஐந்நூறு கேட்கிறார். உண்டியலில் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது இருக்கிறது.